குளோஷருக்கு ‘மூடல்’ வேண்டாம், ‘சூழலேந்தி’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

நிரல் எழுதுவதில் ‘குளோஷர்’ (closure) என்று ஒன்று உண்டு: தான் எழுதப்பட்ட இடத்து மாறிகளைத் தன்னோடு வைத்திருக்கும் சார்பு. அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற நம் பேச்சில் இதுவரை வந்த சொற்கள் மூடல், அடைப்பு, உறைசார்பு. மூன்றிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணத்தைச் சொல்லிவிட்டு வேறொரு சொல்லை முன்வைக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பொருளைப் பார்ப்போம். ஒரு சார்புக்குள் (function) இன்னொரு சார்பை எழுதுகிறோம். உள்ளே இருப்பது, வெளிச்சார்பில் அறிவித்த ‘எண்ணிக்கை’ என்ற மாறியில் (variable) ஒவ்வொரு அழைப்பிலும் ஒன்றைக் கூட்டித் தருகிறது. வெளிச்சார்பு வேலை முடித்து, உள்சார்பை நம்மிடம் திருப்பித் தந்துவிட்டுப் போய்விடுகிறது. வழக்கப்படி அதன் மாறிகளும் அதோடு போயிருக்க வேண்டும். ஆனால் உள்சார்பை அழைத்தால் ஒன்று, மறுபடி அழைத்தால் இரண்டு, பிறகு மூன்று என்று எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. வெளிச்சார்பை இன்னொரு முறை அழைத்து இரண்டாவது எண்ணியை வாங்கினால், அது தனியாக ஒன்றிலிருந்து தொடங்கும். இரண்டும் கலப்பதில்லை. தான் பிறந்த இடத்து மாறிகளை ஒவ்வொன்றும் தன்னோடு கொண்டுவந்திருக்கிறது.

இதில் எது மூடப்படுகிறது? இங்கே மொரிஷியஸில் பிள்ளைகள் சிலருக்கு நிரல் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் அவர்கள் பேசுவது கிரியோல். பள்ளிப் பாடம் ஆங்கிலம், செய்தித்தாள் பிரெஞ்சு. தமிழ் அதற்கெல்லாம் அப்புறம்தான். பிரெஞ்சில் குளோஷரை ஃபெர்மெத்யூர் என்கிறார்கள். கடை அடைப்பதற்கும் அதே சொல். நான் பலகையில் ‘மூடல்’ என்று எழுதியதும் ஒரு மாணவி, “கோப்பை மூடுவதா, உலாவியை மூடுவதா?” என்று கேட்டாள். அவள் கேட்டதில் தவறே இல்லை. நிரலில் நாம் உண்மையாகவே மூடுகிற பொருள்கள் எத்தனையோ உண்டு, இது அவற்றில் ஒன்றல்ல. ‘அடைப்பு’ இன்னும் சிக்கல். வரிக்கு வரி அடைப்புக்குறி போடுகிற இடத்தில் அந்தச் சொல்லை வேறொன்றுக்குக் கொடுக்க முடியாது. உறைசார்பு பரவாயில்லை, ஆனால் உறைக்குள் இருப்பது சார்பா, மாறியா என்று சொல் காட்டித்தரவில்லை.

ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு நியாயம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 1964இல் கணினி அறிவியலாளர் பீட்டர் லாண்டின் அதைப் பயன்படுத்தினார். தனக்குள்ளேயே பொருள் வரையறுக்கப்படாத மாறி கட்டற்ற மாறி; அது இருக்கும் கோவை (expression) திறந்த கோவை. அந்த மாறிக்குச் சூழலிலிருந்து பொருள் கிடைத்துவிட்டால் கோவை மூடியது ஆகிறது. சார்புகளை ஆராயும் லாம்டா கணிதம் படித்தவருக்கு இது உடனே விளங்கும். ஆனால் அதே லாண்டின் அந்தப் பொருளை விளக்கும்போது, கோவையும் அது மதிப்பிடப்படும் சூழலும் சேர்ந்த ஒரு கட்டு என்றுதான் விளக்கினார். பெயரைத் தமிழாக்குவதை விட அந்த விளக்கத்தைத் தமிழாக்குவது மேல் என்பது என் கட்சி.

அதனால் என் பரிந்துரை: சூழலேந்தி. சூழலை ஏந்திக்கொண்டு போவது.

இந்த வினையை நான் அகராதியில் தேடி எடுக்கவில்லை. தைப்பூசக் காவடி இங்கே அரசு விடுமுறை. ஆற்றங்கரையில் பூசை முடித்து, காவடியின் இரு முனையிலும் பால் செம்பைக் கட்டி, வெயிலில் நடந்து கோவிலுக்குப் போகிறோம். கிளம்பிய இடத்தில் ஊற்றிய பால் போய்ச் சேரும் இடத்தில் அபிஷேகத்துக்கு ஆகிறது. எங்கள் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் கோவில் வழியாகத்தான் உயிரோடு இருக்கிறது. காவடி, செம்பு, பால் என்று சொன்னால் மொழிபெயர்க்க வேண்டியதே இல்லை. காவுதல் என்றால் சுமத்தல் என்பதால் முதலில் ‘காவுசார்பு’ என்றே யோசித்தேன். ‘காவு’ என்றால் பலி என்று தமிழ்நாட்டு நண்பர் சொன்னது சரிதான், விட்டுவிட்டேன். ‘மடிச்சார்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார், எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் பட்டியலை மடித்து ஒரே மதிப்பாக்கும் செயலுக்கு ‘மடித்தல்’ தேவைப்படும், மோதும்.

சரி, பெயரை விட எனக்கு முக்கியமாகப் படுவது, உள்சார்பு வெளி மாறியைத் தன்னோடு எடுத்துக்கொள்ளும் செயலான கேப்சர் (capture) என்பதற்கான சொல். ‘கைப்பற்றல்’ என்று எழுதிவருகிறோம். கைப்பற்றினால் உரியவரிடம் பொருள் இருக்காது. இங்கே அப்படி இல்லை. வெளிச்சார்பும் அந்த மாறியைத் தொடர்ந்து பயன்படுத்தலாம், ஒரே மாறியை இரண்டு உள்சார்புகள் பகிரலாம். ‘ஏந்தல்’ என்றால் இந்தக் குழப்பம் இல்லை. ஏந்தலுக்கு ஏரி, பெருமகன் என்ற பொருள்களும் உண்டு, ஆனால் நிரல் பேச்சில் அவை குறுக்கே வரா.

எதை ஏந்துகிறது என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். பால் செம்பு ஒரு வகை. ஊற்றிய பிறகு ஆற்றங்கரையில் என்ன நடந்தாலும் செம்பில் இருப்பது மாறாது. இன்னொரு வகைக்கு மூலைக்கடையில் கடன் எழுதும் நோட்டான கார்னேயைச் சொல்கிறேன். ஒரு வீட்டுக்கு ஒரே கார்னே. காலையில் அம்மா அரிசி வாங்கி எழுதியது, மாலையில் அதை எடுத்துப்போகும் மகன் கையிலும் இருக்கும். முன்னதை மதிப்பேந்தல் என்றும், பின்னதை இடமேந்தல் என்றும் சொல்லலாம். ஆங்கில ‘ரெஃபரன்ஸ்’ என்பதை ஒட்டிக் ‘குறிப்பேந்தல்’ என்றால் குறிப்பேடு நினைவுக்கு வருகிறது, அதனால் இடம்.

ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் மாறியை ‘வார்’ (var) போட்டு அறிவித்து, அது சுழியத்திலிருந்து மூன்றை எட்டும்வரை ஓடும் மடக்கில் (loop) அந்த எண்ணைக் காட்டும் சார்பை மூன்று பொத்தான்களுக்கு எழுதுங்கள். 0, 1, 2 வரும் என்று எதிர்பார்ப்போம். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் 3 வரும். மூன்றும் ஏந்தியிருப்பது எண்ணை அல்ல, ஒரே கார்னேயை. அழுத்தும் நேரத்துக்குள் மடக்கு முடிந்து அதில் 3 எழுதியாகிவிட்டது. ‘வார்’ போடும் இடத்தில் போட 2015இல் வந்த ‘லெட்’ (let) ஒவ்வொரு சுற்றுக்கும் புதிய கார்னே தருகிறது. சி ஷார்ப் இதை 2012இல் ஃபோரீச் மடக்குக்குத் திருத்திக்கொண்டது, கோ மொழி 2024இல் 1.22 பதிப்பில்தான் திருத்தியது. பைத்தான் இன்றும் ஒரே மாறியைத்தான் வைத்திருக்கிறது. சி++ 2011இலிருந்து நம்மையே சொல்லச் சொல்கிறது: சதுர அடைப்புக்குள் சமக்குறி போட்டால் மதிப்பு, உம்மைக்குறி போட்டால் இடம். இடத்தை ஏந்திய சார்பு அந்த இடமே அழிந்த பிறகு ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு அங்கே உத்தரவாதம் கிடையாது. ஜாவா, ஏந்தப்படும் உள்ளிட மாறியின் மதிப்பு ஒருமுறை வைத்த பிறகு மாறவே கூடாது என்று நிபந்தனை போட்டு இந்த வம்பையே தவிர்த்துவிட்டது.

டர்பன் அக்கா ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள்: சூழல் என்றால் எழுதிய இடமா, அழைத்த இடமா? எழுதிய இடம்தான். ஆற்றங்கரையில் ஊற்றிய பால், கோவில் வாசலில் ஊற்றியதல்ல. அழைத்த இடத்துச் சூழலைப் பார்க்கும் மொழிகளும் இருந்தன, பழைய லிஸ்ப்கள் பல அப்படி. அவற்றைப் பற்றி எழுதும்போது ‘அழைப்புச்சூழல்’ என்று பிரித்துச் சொன்னால் போதும். ‘கையேந்தி’ என்ற சொல்லின் நிழல் விழுமே என்ற உங்கள் தயக்கமும் புரிகிறது. ஆனால் தீச்சட்டி ஏந்துவதும் நாம்தானே. முன்னால் நிற்கும் பெயர்தான் தொனியைத் தீர்மானிக்கிறது.

இந்தச் சொல்லின் பக்கம் நான் முழுதாகச் சாய்ந்தது வகுப்பில்தான். பெரிய படப்பட்டியல் ஒன்றை ஏந்திய சார்பு, பக்கம் மாறிய பிறகும் நிகழ்வுக் கவனிப்பியாக (event listener) பதிவில் இருந்ததால் நினைவகம் விடுபடவே இல்லை. ஏன் என்று நான் விளக்கத் தொடங்குவதற்குள் அதே மாணவி, “அப்போ யாராவது இறக்கி வைக்கணுமே” என்றாள். ‘மூடல்’ என்று சொல்லியிருந்தால் அவளுக்கு அந்த வாக்கியம் வந்திருக்காது.

சொற்கோவையில் இப்படிச் சேர்க்கலாமா? சூழலேந்தி, ஏந்தல், ஏந்திய மாறி, மதிப்பேந்தல், இடமேந்தல். சி++இன் சதுர அடைப்புக்குள் வருவதற்கு ஏந்துபட்டியல். சுவிஃப்ட் மொழியில் நினைவகத்தைப் பிடித்துவைக்காமல் ஏந்தும் வகைக்கு மட்டும் சொல் அமையவில்லை. ‘தளர்வேந்தல்’ என்று தற்காலிகமாக எழுதிவைத்திருக்கிறேன். அதற்கு நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.