மறுமொழி: மெருகுக் குறிப்பில் கிடைக்காத களிமண்ணுக்கு - மாற்றா, பதிலியா, ஈடா?

அன்பர்களுக்கு வணக்கம்.

> "ஒரு மூலப்பொருள் கிடைக்கவில்லை, பதிலாக இன்னொன்றைச் சேர்க்கிறோம். இதற்கு 'மாற்று' போதாதா? புதுச்சொல் எதற்கு?"

மட்பாண்டக் கலைச்சொல் பட்டியலுக்காக எழுந்த இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். மெருகு (பாண்டத்தின் மேல் பூசிச் சுடும் கண்ணாடிப் பூச்சு, glaze), இளக்கி (அதை உருகவைக்கும் பொருள், flux), சூளை ஆகிய மூன்றிலும் இங்கே யாருக்கும் மாறுபாடில்லை, அவற்றை விட்டுவிடலாம்.

'மாற்று' என்றதும் மனதில் வருவது, ஒன்றை எடுத்துவிட்டு அதே எடைக்கு இன்னொன்றைப் போடுவது. மெருகில் அது பெரும்பாலும் நடக்காது. ஆல்பனி ஸ்லிப்பைப் பாருங்கள். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் தோண்டிய களிமண் அது. இரும்பும் இளக்கிகளும் இயற்கையாகவே சேர்ந்திருந்ததால், உயர்சூட்டில் தனியாகவே உருகிப் பழுப்பு மெருகாகிவிடும். 1980களில் அதைத் தோண்டுவது நின்றுபோக, பழைய குறிப்புகளில் பெயர் மட்டும் மிஞ்சியது. அதன் இடத்தில் பலரும் இப்போது பயன்படுத்தும் ஆல்பர்ட்டா ஸ்லிப், எங்கோ தோண்டிய இன்னொரு தனி மண் அல்ல. வேதிக்கூறு ஒத்துவரும்படி பல பொருள்களைச் சேர்த்துக் கட்டிய கலவை. 'மாற்று மண்' என்று எழுதினால் படிப்பவர் வேறொரு மண்ணைத் தேடித்தான் போவார்.

இரண்டாவது, ஒன்றை மாற்றினால் குறிப்பில் இருக்கும் மற்றவற்றையும் தொட வேண்டியிருக்கும். இது களிமண் இல்லைதான், ஆனால் கணக்கு தெளிவாகத் தெரிவதால் சொல்கிறேன். குறிப்பில் கால்சியம் கார்பனேட் 20 பங்கு, சிலிக்கா 30 பங்கு இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சூளையில் கார்பன் டைஆக்சைடு போனபிறகு அந்த 20இல் மிஞ்சுவது 11.2 பங்கு கால்சியம் ஆக்சைடு. அதையே வொலஸ்டனைட்டிலிருந்து (கால்சியமும் சிலிக்காவும் சேர்ந்த கனிமம்) பெற 23.2 பங்கு வேண்டும். அது கூடவே 12 பங்கு சிலிக்காவையும் கொண்டுவருகிறது. ஆக, சிலிக்காவை 30இலிருந்து 18ஆகக் குறைத்தால்தான் பழைய மெருகு திரும்பும். இருபதுக்கு இருபது போட்டவருக்குக் கிடைப்பது வேறு மெருகு. இளக்கிகளின் கூட்டுத்தொகையை ஒன்று என்று வைத்து மற்ற ஆக்சைடுகளை அதனோடு ஒப்பிடும் சேகர் வாய்பாடு (ஜெர்மன் வேதியியலாளர் Seger பெயரில் வழங்குவது), 19ஆம் நூற்றாண்டிலிருந்து மெருகுக்காரர்கள் கையில் இருப்பது இதற்காகத்தான்.

இதுவரை தீக்குள் நடப்பது. மெருகுத் தூள்களை நீரில் கரைத்து வைக்கும் வாளிக்குள் நடப்பது வேறு கதை, களிமண்ணுக்குப் புதுச்சொல் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதும் இதனால்தான்.

கயோலின் என்னும் வெள்ளைக் களிமண் அலுமினாவையும் சிலிக்காவையும் மட்டும் தருவதில்லை. கனத்த தூள்கள் அடியில் படியாமல் நீரில் நிறுத்தி வைக்கிறது, பூசிக் காய்ந்த மெருகு பாண்டத்திலிருந்து உதிராமல் பிடித்துக்கொள்கிறது. அதையே முன்கூட்டிச் சுட்டுத் தண்ணீர்க்கூற்றை நீக்கினால் எடையில் ஏறக்குறைய 14 விழுக்காடு போய்விடும். எனவே 100 பங்கு பச்சைக் கயோலினுக்கு 86 பங்கு சுட்ட கயோலின். தீயைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான். வாளியைக் கேட்டால் இல்லை: சுட்டதில் பசை கிடையாது. முழுக்க அதையே போட்டால் மறுநாள் வாளியின் அடியில் கரண்டி நுழையாத அடை. முழுக்கப் பச்சையாகவே போட்டாலும் தொல்லை உண்டு. பச்சைக் களிமண் மிகுந்த மெருகு காயும்போது சுருங்கி விரிசல் விடும், சூட்டில் அந்த விரிசல் வழியே ஒதுங்கிச் சுருண்டு வெறும் பாண்டம் தெரியும். ஆகவே இரண்டையும் பிரித்துப் போடுகிறார்கள்.

பால் கிளே (ball clay) என்னும் பசைமிக்க களிமண் இதற்கு நேரெதிர். (பாலுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. 'பந்துக் களிமண்' என்று யாரும் மொழிபெயர்த்துவிட வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.) கயோலின் இல்லாத இடத்தில் அதைப் போட்டால் வாளி வேலை இன்னும் நன்றாகவே நடக்கும். ஆனால் சிலிக்கா கூடுதல், அலுமினா குறைவு, இரும்பும் டைட்டானியமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். அடர்நிற மெருகில் தெரியாது, வெள்ளையில் உடனே மங்கலாகத் தெரியும்.

கலிபோர்னியாவில் கிடைத்த, போரான் தரும் கனிமமான கெர்ஸ்ட்லி போரேட்டிலும் இதே சிக்கல்தான். போரானை ஃபிரிட்டிலிருந்து (முன்கூட்டி உருக்கி அரைத்த கண்ணாடித் தூள்) எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அது வாளியில் கூழ்போல நிறுத்திவைத்த குணம் ஃபிரிட்டில் வராது. கயோலினையோ, நீரில் உப்பும் நுண்களிமண்ணான பெண்டோனைட்டைச் சிறிதோ சேர்த்து அதைத் தனியாகச் சரிக்கட்ட வேண்டும். கயோலின் சேர்த்தால் மறுபடி அலுமினாக் கணக்கு!

இனி சொற்கள். 'பதிலி' மோசமில்லை, ஆனால் பதிலி என்றால் ஒருவர் இடத்தில் இன்னொருவர் வந்து நிற்பது. இங்கே மூன்று பேர் சேர்ந்து ஒருவர் வேலையைச் செய்கிறார்கள், நான்காமவர் கொஞ்சம் விலகி நிற்கிறார். 'மாற்று' பொன்னின் மாற்றிலிருந்து மாற்று மருத்துவம் வரை எங்கும் உலவும் சொல், தனித்து நிற்காது.

என் வாக்கு ஈடுகட்டலுக்கு. போனதைக் கணக்குப் பார்த்து, எதெதிலிருந்தோ திரட்டிச் சரிசெய்வதற்குத் தமிழில் ஏற்கெனவே அந்தச் சொல்தான் இருக்கிறது. 'ஈடு' என்று மட்டும் வேண்டாம். ஒரு தடவை வேகவைத்து இறக்குவதையும் 'ஒரு ஈடு' என்கிறோம், சூளைக் கட்டுரையில் அது குழப்பும்.

> "அப்படியானால் பொருளுக்கு 'ஈட்டுப்பொருள்' என்று சொல்லலாமே?"

சொல்லலாம்தான், ஆனால் சம்பாதித்த சொத்து என்று படிக்கும் வாய்ப்பு அதிகம். பொருளுக்குத் தனிப்பெயர் இப்போதைக்குத் தேவையில்லை என்பேன், 'ஈடுகட்டும் கலவை' என்று விரித்தே எழுதலாம். கலைச்சொல் பட்டியலில் தீயீடு, வாளியீடு என இரண்டு உட்பிரிவு வைத்தால் நல்லது. முதலாவது ஆக்சைடு கணக்கைச் சரிசெய்வது, இரண்டாவது நீரில் நிற்கும் குணத்தைச் சரிசெய்வது. 'வாளியீடு' கொஞ்சம் கரடுமுரடுதான், தெரியும். 'நீரீடு' என்று முதலில் யோசித்தேன், நீரிழிவின் தம்பி மாதிரி இருந்தது.

பெண்டோனைட் போல அடியில் படிவதைத் தடுக்கும் பொருளுக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. 'தொங்கல் காரணி' என்று பாடநூல் பாணியில் எழுத மனம் வரவில்லை. 'படிதடுப்பி' சரியாக இருக்குமா, அல்லது மாடிப்படியை மறிப்பது போலக் கேட்கிறதா? சுழற்சக்கரத்தில் கை வைத்தவர்கள் சொல்லுங்கள்.