ஸ்மார்ட்வாட்சை இரவு முழுவதும் சார்ஜ் செய்வதா, பகலில் இரண்டு தவணையாகச் செய்வதா?

காலைநடை எழுதியது:

ஸ்மார்ட்வாட்ச் வாங்குவோரில் பலர் அதைக் கைப்பேசியைப் போலவே நடத்துகிறார்கள். படுக்கப் போகும்போது கழற்றிச் சார்ஜரில் வைத்துவிட்டு, காலையில் நூறு சதவீதத்துடன் எடுத்துக் கட்டிக்கொள்கிறார்கள். கைப்பேசிக்குப் பொருத்தமான இந்தப் பழக்கம் வாட்சுக்குப் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. உறக்கத்தின் நிலைகள், ஓய்வு நிலை இதயத் துடிப்பு, இரத்த ஆக்சிஜன் அளவு, மணிக்கட்டின் வெப்பநிலை ஆகியவற்றை உடல் அசையாமல் கிடக்கும் இரவில்தான் ஒழுங்காக அளக்க முடியும். கைப்பேசியால் ஆகாத இந்த வேலை நடக்கவேண்டிய நேரத்தில் வாட்சைச் சார்ஜரில் படுக்கவைத்துவிட்டால், கொடுத்த பணத்தில் பாதியை மேசைமேல் வைத்துவிட்டுத் தூங்குகிறோம் என்றுதான் பொருள்.

காலையில் குளிக்கும்போது ஒரு முறை, மாலையில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு முறை என்று வைத்தாலே பெரும்பாலான வாட்சுகளுக்குப் போதும். ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 7 வந்த 2021-இலேயே சுமார் 45 நிமிடத்தில் 80 சதவீதம் ஏறிவிடும் என்று அந்நிறுவனம் அறிவித்தது. 2024-இல் வந்த சீரிஸ் 10-க்கு அதுவே சுமார் 30 நிமிடமாகக் குறைந்தது. இந்த வேகம் வந்த பிறகும் எட்டு மணி நேரம் சார்ஜரில் வைத்திருப்பதற்கு என்ன தேவை இருக்கிறது?

நிம்மதியுறக்கம் எழுதியது:

நண்பர் காலைநடை அவர்கள், எல்லோரும் உறக்கத்தை அளந்து பார்க்க விரும்புகிறார்கள் என்று முன்கூட்டியே எடுத்துக்கொண்டு வாதத்தைத் தொடங்குகிறார். எனக்கு அந்த விருப்பம் இல்லை. காலையில் எழுந்ததும் நன்றாகத் தூங்கினேனா என்பதை என் உடம்பே சொல்லிவிடும்போது, அதற்கு ஒரு மதிப்பெண் போட்டு, அந்த மதிப்பெண் குறைந்துவிட்டதே என்று அன்றைய பொழுதைக் கவலையில் கழிப்பதில் என்ன நன்மை? பகல் முழுவதும் பட்டைக்கு அடியில் வியர்வையும் சோப்பு நுரையும் தேங்கிச் சிவந்துபோகும் தோலுக்கு ஏதாவது ஒரு நேரத்தில் காற்று படவேண்டும். இரவைவிட அதற்கு ஏற்ற நேரம் எது?

இன்னொன்று, இரவில் சார்ஜரில் வைப்பது ஒரே ஒரு வேலை. அதை மறக்கவே முடியாது. படுக்கை கண்ணில் பட்டால் சார்ஜர் நினைவுக்கு வரும். தாங்கள் சொல்லும் முறையில் நாளுக்கு இரண்டு தடவை கழற்றவேண்டும், இரண்டு தடவை மறக்காமல் திரும்பக் கட்டவேண்டும். குளித்துவிட்டு அவசரமாகக் கிளம்பும் காலையில் வாட்ச் சார்ஜரிலேயே கிடந்துவிட்டால், அன்றைய நடைக்கணக்கும் போயிற்று, அழைப்பு அறிவிப்பும் போயிற்று.

காலைநடை எழுதியது:

உறக்க அளவீட்டை மதிப்பெண் விளையாட்டாகச் சுருக்கிவிட்டீர்கள். உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுவதற்கான அறிகுறிகளைக் கண்டு எச்சரிக்கும் வசதி 2024 முதல் சாம்சங், ஆப்பிள் வாட்சுகளில் வந்திருக்கிறது. சாம்சங் முறையில் பத்து நாள் இடைவெளிக்குள் இரண்டு இரவுகள், ஒவ்வொன்றும் நான்கு மணி நேரத்துக்கு மேல், வாட்சைக் கட்டிக்கொண்டு தூங்கியிருக்க வேண்டும். இது மருத்துவரின் பரிசோதனைக்கு மாற்றாகாது என்றாலும், மருத்துவரிடம் போகவேண்டும் என்ற எண்ணத்தையாவது தரும். தூங்கும்போது மூச்சு நிற்பதைத் தூங்குகிறவரால் எப்படி அறிய முடியும்? ‘உடம்பே சொல்லிவிடும்’ என்ற தங்கள் வாதம் இந்த இடத்தில் நிற்காது.

தோலைப் பற்றித் தாங்கள் சொன்னது நியாயமே. ஆனால் காலையில் முக்கால் மணி நேரம் கழற்றி வைக்கும்போதும் தோலுக்குக் காற்று படத்தானே செய்கிறது?

மின்கலன் மாணவன் எழுதியது:

இருவரும் பழக்கத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். பேட்டரிக்குள் நடப்பதையும் சேர்த்துப் பார்த்தால் இந்தக் கேள்வி வேறு மாதிரித் தெரியும்.

லித்தியம் அயனி பேட்டரியை இரண்டு கட்டமாகச் சார்ஜ் செய்கிறார்கள். முதல் கட்டத்தில் ஒரே அளவு மின்னோட்டம் செலுத்தப்பட, மின்னழுத்தம் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். அது அந்தக் கலத்துக்கு வகுத்த உச்சத்தை, அதாவது வகையைப் பொறுத்து 4.2 வோல்ட்டையோ அதற்குச் சற்று மேலான அளவையோ தொட்டதும், மின்னழுத்தத்தை அங்கேயே நிறுத்திவிட்டு மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைப்பார்கள். முதல் கட்டம் விரைவானது, இரண்டாம் கட்டம் நகராமல் நகர்வது. சீரிஸ் 7-க்கு ஆப்பிள் கொடுத்த கணக்கிலேயே இது தெரிகிறது: பூஜ்யத்திலிருந்து 80 வரை சுமார் 45 நிமிடம், 100 வரை சுமார் 75 நிமிடம். ஆக, கடைசி இருபது சதவீதத்துக்கு மட்டும் அரை மணி நேரம் போகிறது. குளித்து முடிப்பதற்குள் 50-லிருந்து 80 வந்துவிட்ட வாட்ச், 90-லிருந்து 100 போவதற்கு ஏன் இத்தனை நேரம் எடுக்கிறது என்று அடிக்கடி கேட்கப்படும் கேள்விக்கு விடை இதுதான்.

நூறு சதவீதத்தில் நெடுநேரம் நிற்பது, வெப்பம் ஆகிய இரண்டும் இந்தக் கலங்களின் ஆயுளைக் குறைக்கின்றன. காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் கம்பியில்லாச் சார்ஜரில் வாட்ச் சற்றே சாய்ந்து, சுருள்கள் நேருக்கு நேர் பொருந்தாமல் கிடந்தால், ஆற்றலின் ஒரு பகுதி வெப்பமாகவே வீணாகும்; எடுத்தவுடன் பின்பக்கத்தை விரலால் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பைத் தாண்டிச் சுட்டால் அது சரியாக உட்காரவில்லை. பட்டையை இரண்டாக விரிக்காமல் மூடியபடியே வைப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலில் பயன்படுத்துமாறு ஆப்பிள் சொல்வதும் இதே அக்கறையால்தான். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் உலோகமாகவே மின்முனைமேல் படிந்துவிடும். அந்தச் சேதம் திரும்பாது.

பேட்டரியை அடியோடு காலியாக்கிவிட்டுத்தான் சார்ஜ் செய்யவேண்டும் என்று இன்னும் அறிவுரை சொல்லித் திரிபவர்கள் இருக்கிறார்கள். அது நிக்கல் காட்மியம் பேட்டரிக் காலத்து நம்பிக்கை. லித்தியத்துக்கு அது நேர் எதிரானது. 40-லிருந்து 80 வரை அடிக்கடி ஏற்றுவதே அதற்கு இதமானது. அவ்வகையில் காலைநடை சொல்லும் முறைக்கு வேதியியலின் ஆதரவு உண்டு.

நிம்மதியுறக்கம் எழுதியது:

நூறு சதவீதத்தில் இரவு முழுக்க நிற்கும் என்ற குற்றச்சாட்டு பழைய வாட்சுகளுக்குப் பொருந்தலாம். 2020-இல் வந்த வாட்ச்ஓஎஸ் 7 என்ற ஆப்பிள் வாட்ச் மென்பொருள் முதல், நம் வழக்கத்தைக் கற்றுக்கொண்டு 80 சதவீதத்தில் நிறுத்தி, நாம் கழற்றும் நேரத்துக்குச் சற்று முன்பு மீதியை ஏற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறதே? ஒழுங்காக ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழும் என்னைப் போன்றவர்களுக்குத்தான் அந்த வசதி சரியாக வேலை செய்கிறது. அப்படியானால் வேதியியல் என் பக்கமும் கொஞ்சம் சாய்கிறது.

காலைநடை எழுதியது:

அதே வாட்ச்ஓஎஸ் 7-இல்தான் உறக்க அளவீடும் வந்தது. படுக்கும் நேரம் நெருங்கும்போது சார்ஜ் 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், இப்போதே ஏற்றிக்கொள் என்று நினைவூட்டும் ஏற்பாடும் இருக்கிறது. இரவில் வாட்ச் கையில் இருக்கவேண்டும் என்று செய்தவர்களே கருதுகிறார்கள் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

வாரமொருமுறை எழுதியது:

தங்கள் இருவரின் சண்டையைப் படித்தால் சிரிப்புதான் வருகிறது. 18 மணி நேரம் தாங்கும் வாட்சை வாங்கிவிட்டு, எப்போது சார்ஜ் செய்வது என்று பட்டிமன்றம் நடத்துகிறீர்கள். 2012-இல் கூட்டு நிதி திரட்டி வந்த பெப்பிள், மின்தாள் திரையுடன் ஏறக்குறைய ஒரு வாரம் ஓடியது. பின்னர் வந்த அமேஸ்ஃபிட் பிப், 190 எம்ஏஎச் பேட்டரியை வைத்துக்கொண்டே ஒரு மாதம் ஓடும் என்று விற்கப்பட்டது. கார்மினில் பல வகைகள் வாரக்கணக்கில் ஓடுகின்றன. சுற்றுப்புற வெளிச்சத்தையே திருப்பி அனுப்பிக் காட்டும் திரை, கனமில்லாத மென்பொருள் ஆகிய இரண்டுதான் இதன் இரகசியம். முழுதாக ஏற இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனாலும் என்ன? வாரத்தில் ஒரு நாள் ஆகிற நேரம்தானே.

நிம்மதியுறக்கம் எழுதியது:

அந்த வாட்சில் அழைப்புக்குப் பதில் பேச முடியுமா, கைப்பேசி இல்லாமல் வெளியே போய்ச் செய்தி அனுப்ப முடியுமா, வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்க்க முடியுமா? கார்மினிலும் ஜிபிஎஸ்ஸை ஓடவிட்டு ஓட்டப்பயிற்சி செய்தால் வாரம் என்பது சில பத்து மணி நேரமாகச் சுருங்கிவிடும். இவை எதுவும் வேண்டாதவர்களுக்குத் தங்கள் யோசனை நல்ல யோசனை; வேண்டுபவர்களுக்கு அது விடையாகாது.

வாரமொருமுறை எழுதியது:

வேண்டும் என்று நினைப்பவை எத்தனை, உண்மையில் பயன்படுத்துபவை எத்தனை என்று ஒரு வாரம் குறித்துவைத்துப் பாருங்கள். அதோடு ஒரு எச்சரிக்கை, இது என் அணிக்கே உரியது: மலிவான வாட்சுகள் பலவற்றில் கம்பியில்லாச் சார்ஜிங் கிடையாது, பின்பக்கத்தில் சிறு உலோகப் புள்ளிகள்தான் இருக்கும். வியர்வை உலராமல் அப்படியே சார்ஜரில் பொருத்தினால், உப்பு நீரில் மின்சாரம் பாய்ந்து அந்தப் புள்ளிகள் அரிக்கப்படும். ஓரத்தில் பச்சையோ கறுப்போ படியத் தொடங்கும். பிறகு வாட்ச் சார்ஜ் ஆவதும் நிற்பதுமாக அலைக்கழிக்கும். துடைத்து உலரவிட்டு வைக்கவேண்டும், அவ்வளவுதான்.

மின்கலன் மாணவன் எழுதியது:

80 சதவீதத்துக்கு மேல் ஏற்றவே கூடாதா என்று இருவர் தனிச்செய்தியில் கேட்டார்கள், இங்கேயே எழுதிவிடுகிறேன். 1000 முழுச் சுற்றுகளுக்குப் (மொத்தம் நூறு சதவீதச் சார்ஜைச் செலவிட்டு மீண்டும் ஏற்றுவது ஒரு சுற்று) பிறகும் மூலக் கொள்ளளவில் 80 சதவீதம் வரை நிலைக்கும்படி வாட்ச் பேட்டரியை வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் கூறுகிறது. நாளுக்கு ஒரு முழுச் சுற்று என்று வைத்தால் அது ஏறக்குறைய இரண்டே முக்கால் ஆண்டு. 5000 எம்ஏஎச் கைப்பேசியில் இருபது சதவீதத்தைத் தியாகம் செய்தாலும் நாள் ஓடிவிடும். சுமார் 300 எம்ஏஎச் வாட்சில் அதே இருபதை விட்டால் மாலையிலேயே திரை அணைந்துவிடலாம். மூன்றாண்டுக்குப் பிறகு குறையப்போவதைக் காப்பாற்ற, அதே அளவை இன்றைக்கே குறைத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு நாள் தாங்கும் வாட்ச் என்றால் தேவைப்படும் அளவுக்கு ஏற்றுங்கள். பல நாள் தாங்கும் வாட்ச் என்றால் வரம்பு வைப்பதில் நட்டமில்லை.

நிம்மதியுறக்கம் எழுதியது:

இதில் மட்டும் மாணவரோடு வேறுபடுகிறேன். வாட்சின் பேட்டரி பசையால் ஒட்டப்பட்டு, நீர் புகாத முத்திரைக்குள் அடைபட்டிருக்கிறது. மாற்றுவது கைப்பேசியைவிடக் கடினம், மாற்றிய பிறகு நீர்த்தடை பழையபடி இருக்கும் என்ற உறுதியும் குறைவு. ஐந்தாண்டு வைத்திருக்க நினைப்பவருக்கு மூன்றாண்டுக்குப் பிந்தைய இழப்புதான் பெரிய இழப்பு. நான் மாலையிலேயே வீடு திரும்பிவிடுபவன் என்பதால் 80 எனக்குத் தாராளமாகப் போதுகிறது, இரவிலேயேதான் ஏற்றுவேன்.

காலைநடை எழுதியது:

தாராளமாகச் செய்யுங்கள்; நள்ளிரவில் தங்கள் மூச்சைக் கவனிக்க வேறு யாராவது விழித்திருந்தால் சரி. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: சீரிஸ் 7-க்கும் பின்னும் வந்த வேகச் சார்ஜிங்குக்கு யுஎஸ்பி-சி முனையுள்ள வேகக் கேபிள் வேண்டும். பழைய வாட்சோடு வந்த கேபிளைப் பொருத்திவிட்டு, 45 நிமிடம் என்றார்களே, பாதிகூட ஏறவில்லையே என்று இங்கே வந்து கேட்காதீர்கள். முதலில் கேபிளின் மறுமுனையைப் பாருங்கள்.