மைட்டோகாண்ட்ரியா பெருக மலை ஏறலாமா, படி ஓடலாமா?

கொலுசுப்பட்டறை · ஞாயிறு, இரவு 9.10

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 47. காலை ஒன்பதுக்கு மணையில் உட்கார்ந்தால் இரவு எட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். நடுவில் சோறு, டீ, அவ்வளவுதான். போன மாதம் பார்த்ததில் மூன்று மாதச் சர்க்கரை 6.1. "விளிம்பில் நிற்கிறீர்கள். இப்போதைக்கு மாத்திரை வேண்டாம். தசைக்கு வேலை கொடுங்கள், உள்ளே மைட்டோகாண்ட்ரியா கூடட்டும்" என்றார் டாக்டர். பள்ளிக்கூடத்தில் 'இழைமணி, செல்லின் ஆற்றல் நிலையம்' என்று எழுதி ஒரு மார்க் வாங்கியதோடு சரி, அதற்கப்புறம் அந்தப் பேச்சையே இப்போதுதான் கேட்கிறேன்.

பக்கத்துப் பட்டறை அண்ணன், ஞாயிறு தவறாமல் ஏற்காடு அடிவாரத்திலிருந்து மெதுவாக மேலே நட என்கிறார். அக்கா மகனோ, அரை நிமிஷம் உயிரைக் கொடுத்து ஓடு, நாலு நிமிஷம் ஓய்வெடு, இப்படி ஐந்து தடவை செய்தால் போதும், மலை எல்லாம் வெட்டி வேலை என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

மலைப்பாதை · இரவு 9.48

அண்ணன் பேச்சைக் கேளுங்கள் தம்பி. எனக்கு 63. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அடிவாரத்தில் நடக்கிறேன். ஒரே விதிதான்: பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அந்த வேகத்தில்தான் தசை கொழுப்பையும் நன்றாக எரிக்கும், மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கவும் முடியும்.

நம்பிக்கை இல்லையென்றால் கறிக்கடைக்குப் போங்கள். கோழியின் கால்கறி கருஞ்சிவப்பாக இருக்கும், மார்புக்கறி வெளுத்திருக்கும். காலோ நாள் முழுக்க நிற்கிறது, நடக்கிறது. மார்பு எப்போதாவது படபடவென்று சிறகடிப்பதற்கு. நாள் முழுக்க உழைக்கும் சதையில் ஆக்சிஜனைத் தேக்கும் மையோகுளோபினும் மைட்டோகாண்ட்ரியாவும் அதிகம், அதனால் வந்த நிறம். புறாவுக்கு மார்புதான் சிவப்பு, அது பறந்து பிழைப்பது.

ஆதாரம் வேண்டுமா? 1967-இல் ஜான் ஹாலோசி என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் எலிகளை 12 வாரம் டிரெட்மில்லில் பழக்கினார். கடைசியில் தினம் இரண்டு மணி நேரம் ஓடின. கால் தசையில் ஆக்சிஜனைக் கொண்டு எரிக்கும் நொதிகள் ஏறத்தாழ இரட்டிப்பாகிவிட்டன. இந்தத் துறையே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

படிக்கட்டு · இரவு 10.15

ஐயா, அந்த எலிக்கு வேறு பிழைப்பு கிடையாது. கொலுசு அண்ணனுக்குப் பட்டறை இருக்கிறது.

2006-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிபாலா குழு 16 ஆண்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு குழு ஒவ்வொரு முறையும் 90 முதல் 120 நிமிடம் நிதானமாக சைக்கிள் மிதித்தது. இன்னொன்று 30 விநாடி முழு வேகம், நாலு நிமிஷ ஓய்வு, இப்படி நாலிலிருந்து ஆறு தடவை. இரண்டு வாரத்தில் ஆளுக்கு ஆறே நாள் பயிற்சி. தொடையில் ஊசி விட்டுத் துணுக்குத் தசை எடுத்துப் பார்த்தால், ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் இரண்டு குழுவிலும் ஒரே மாதிரி கூடியிருந்தது. முதல் குழு செலவழித்தது மொத்தம் பத்தரை மணி நேரம். இரண்டாவது குழு ஓய்வையும் சேர்த்தே இரண்டரை. மீதி எட்டு மணி நேரத்தில் எத்தனை ஜோடி கொலுசு முடியும் என்று அண்ணனே சொல்லட்டும்.

மலைப்பாதை · இரவு 10.31

அந்த 16 பேருக்கும் வயது என்ன? இருபதை ஒட்டியவர்கள், ஏற்கெனவே ஆடி ஓடித் திரிந்த பையன்கள். பத்து வருஷமாக மணையில் உட்கார்ந்த 47 வயது மனிதரை முழு வேகத்தில் ஓடச் சொல்கிறீர்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் நீங்கள் வந்து தூக்குவீர்களா?

படிக்கட்டு · இரவு 10.36

டாக்டரிடம் கேட்டு, இதயத்தைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அதில் தகராறு இல்லை. முழு வேகம் என்பதும் அவரவர் முழு வேகம்தான். அவருக்கு மாடிப்படி வேகமாக ஏறினாலே அது வந்துவிடும்.

வகுப்பறை · திங்கள், காலை 6.20

உடலியங்கியல் பாடம் எடுப்பவள் நான். நேற்று இரவு பேப்பர் திருத்தாமல் இதைப் படித்துக்கொண்டிருந்தேன், அந்தக் கோபத்தோடு எழுதுகிறேன்.

மலைப்பாதை ஐயா, நீங்கள் சாட்சிக்குக் கூப்பிட்ட எலியே உங்களுக்கு எதிராகப் பேசும். ஹாலோசியின் எலிகள் அந்த இரண்டு மணி நேரத்தில், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அரை நிமிடம் வேகமெடுத்து ஓடின. மொத்தம் 12 பாய்ச்சல். 'நிதானத்தின் வெற்றி' என்று எல்லோரும் காட்டும் ஆய்வுக்குள்ளேயே படிக்கட்டுத் தம்பியின் வைத்தியம் ஒளிந்திருக்கிறது.

மலைப்பாதை · காலை 6.41

12 அரை நிமிடம் என்றால் ஆறு நிமிடம். மீதி 114 நிமிடம் யாருடையது மேடம்? அப்புறம் இன்னொன்று. அந்த டிரெட்மில் சமதளம் இல்லை, சரிவு வைத்தது. எலி ஏறியதே மலைதான்!

வகுப்பறை · காலை 7.05

சரி, சரிவு உங்களுக்கு. ஆனால் அந்த 114 நிமிடமும் எலிக்கு ஒன்றும் அடிவார உலாவல் இல்லை, நல்ல ஓட்டம்.

கொலுசு சார், உங்கள் மொழியில் சொல்கிறேன். பட்டறையில் ஆர்டர் குவிந்தால் கூடுதல் ஆள் வைப்பீர்கள். தசையும் அப்படித்தான், ஆனால் ஆர்டர் குவிந்தது அதற்கு இரண்டு வழியில் தெரியவரும். ஒவ்வொரு அடிக்கும் தசை இழைக்குள் கால்சியம் பாய்ந்து வற்றுகிறது. மணிக்கணக்கில் நடந்தால் இந்தத் தட்டல் ஆயிரக்கணக்கில் விழும். இது ஒரு அழைப்பு மணி. உயிரைக் கொடுத்து ஓடினால் ஏடிபி என்கிற செல்லின் சில்லறைக் காசு மளமளவென்று செலவாகி, அதன் உடைந்த மிச்சமான ஏஎம்பி சேர்கிறது. கையிருப்பு ஏடிபி இரண்டு மூன்று விநாடிக்குத்தான் வரும் என்பதால் தசை இதைச் சும்மா விடாது, ஏஎம்பிகே என்ற நொதி விழித்துக்கொள்ளும். இது இன்னொரு மணி. இரண்டும் ஒலிப்பது ஒரே மேஸ்திரியின் காதில். பிஜிசி-1 ஆல்ஃபா என்ற புரதம் அது, 1998-இல் கண்டுபிடித்தார்கள். அதுதான் புது மைட்டோகாண்ட்ரியா கட்ட மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. நீளமாக அடித்தாலும் மணி, ஓங்கி அடித்தாலும் மணி.

குப்பனூர்வழி · காலை 8.12

நீங்கள் யாருமே காற்றைப் பற்றிப் பேசவில்லையே! ஏற்காட்டில் காற்று மெல்லிசு. அங்கே போய் சும்மா ஏரியைச் சுற்றினாலே உடம்பு தன்னால் ஆற்றலைக் கூட்டிக்கொள்ளும். ஒலிம்பிக்காரர்கள் மலை மேல் பயிற்சி எடுப்பது எதற்காம்? எங்கள் குப்பனூர் வழியாகப் போனால் கூட்டமும் குறைவு.

படிக்கட்டு · காலை 8.30

சேலம் சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500. காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்குதான் குறையும். ஓட்டக்காரர்கள் 2000 மீட்டருக்கு மேலே போய், வாரக்கணக்கில் அங்கேயே தங்கிக் கிடப்பார்கள். அதில் முக்கியமாகக் கூடுவது ரத்தச் சிவப்பணு. காலையில் போய் மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு சாயங்காலம் திரும்பினால் கூடுவது வேறு.

குப்பனூர்வழி · காலை 8.34

பஜ்ஜியை ஏன் இழுக்கிறீர்கள்?

மலைப்பாதை · காலை 9.02

காற்று கிடக்கட்டும், ஏற்றத்தைப் பாருங்கள். 70 கிலோ ஆள் 1200 மீட்டர் உயரம் ஏறினால், எடையைத் தூக்கிய வேலை மட்டுமே சுமார் 200 கலோரி. தசை தான் எரிப்பதில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும், மீதி சூடாகப் போய்விடும். ஆக, உடம்பு எரிப்பது 800 கலோரி. ஐந்து தடவை அரை நிமிஷம் ஓடி இதைக் காட்டுங்கள் பார்க்கலாம்.

படிக்கட்டு · காலை 9.10

கேள்வி மைட்டோகாண்ட்ரியா பற்றியது, கலோரி பற்றியது இல்லையே. பந்தயம் தோற்கும்போது மைதானத்தை மாற்றாதீர்கள் ஐயா.

வகுப்பறை · மதியம் 1.25

மைதானத்தை நானே மாற்றுகிறேன். கொலுசு சாருக்கு வேண்டியது சர்க்கரை குறைவது. மைட்டோகாண்ட்ரியா குறைந்ததால்தான் தசை இன்சுலின் பேச்சைக் கேட்பதில்லை என்று ரொம்ப நாள் ஒரு கருத்து ஓடியது. அதை மறுத்து 2009-இல் கட்டுரை எழுதியவர் யார் தெரியுமா? அதே ஹாலோசிதான்.

சர்க்கரைக்கு உடனே கைகொடுப்பது வேறு சங்கதி. தசை சுருங்கினாலே, இன்சுலினை எதிர்பார்க்காமல், குளுக்கோஸை உள்ளே விடும் கதவுகள் செல்லின் மேற்பரப்புக்கு வந்துவிடும். குளூட்-4 என்பார்கள். ஒரு தடவை நன்றாக உழைத்தால், தசை இன்சுலினுக்குக் கூடுதலாக இணங்குவது ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் இருக்கும். ஞாயிறு நடந்தால் செவ்வாய்க்கிழமை கணக்குத் தீர்ந்தது. பயிற்சியை விட்டால் கூடின மைட்டோகாண்ட்ரியாவும் வாரக்கணக்கில் கரைந்துவிடும். அதனால் ஐயாவின் 'ஞாயிறுக்கு ஞாயிறு' என்பதில்தான் எனக்குச் சண்டை, வேகத்தில் இல்லை.

மலைப்பாதை · மதியம் 2.10

நான் வாரத்தில் ஐந்து நாள் நடக்கிறேன் மேடம். ஞாயிறு மட்டும் என்று சொன்னது பக்கத்துப் பட்டறைக்காரர், நான் இல்லை. ஆனால் அவர் பேச்சைக் கேள் என்று எழுதியது நான்தான். அதை ஒப்புக்கொள்கிறேன்.

கொலுசுப்பட்டறை · இரவு 8.50

நான் ஒன்று முடிவு செய்தேன். பட்டறை மேல்மாடியில் இருக்கிறது, 22 படி. ஈ.சி.ஜி. எடுத்து டாக்டர் சரி என்றால், வாரம் மூன்று நாள் படியில் வேகம். தினமும் ராத்திரி சாப்பிட்டதும் இருபது நிமிஷம் நடை. ஞாயிறு மலை. இறங்கும்போதும் நடந்தே வந்தால் இரட்டைப் பலன்தானே?

குப்பனூர்வழி · இரவு 9.05

மறுநாள் லாக்டிக் ஆசிட் கட்டிக்கொள்ளும், வெந்நீர் ஊற்றுங்கள்.

வகுப்பறை · இரவு 9.30

லாக்டிக் ஆசிட் பாவம், அது மேல் எத்தனை பழி! ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் அது பழைய அளவுக்கு இறங்கிவிடும். இதயமும் பக்கத்துத் தசையும் அதையே எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். மறுநாளும் அதற்கு மறுநாளும் வரும் வலிக்குக் காரணம் இறக்கம். ஏறும்போது முன்தொடை சுருங்கிக்கொண்டே இழுக்கும். இறங்கும்போது நீண்டுகொண்டே உங்கள் எடையைப் பிடித்து நிறுத்தும். மூட்டையைத் தொப்பென்று போடாமல் மெள்ள இறக்குவது மாதிரி. அந்த இழுபறியில் இழைகள் நுணுக்கமாகக் கிழிகின்றன. ஒரு தடவை பட்டால் அடுத்த தடவை குறையும். முதல் தடவை மட்டும் பஸ்ஸில் இறங்குங்கள்.

கொலுசுப்பட்டறை · அடுத்த செவ்வாய், மதியம் 12.15

ஈ.சி.ஜி. சரியாக இருந்தது. ஞாயிறு ஐந்தரைக்கு அடிவாரம். ஆறாவது கொண்டை ஊசி வளைவு வரை போனேன். வளைவுக்கு வளைவு அரை நிமிஷம் வேகம், மீதி பேசிக்கொண்டே. நாலாவதில் ஒரு குரங்கு வாழைப்பழத்தைப் பையோடு பிடுங்கிக்கொண்டது. பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை, நடந்தே இறங்கிவிட்டேன்.

நேற்று ஒன்றும் தெரியவில்லை. இன்று காலை மணையில் உட்கார்ந்துவிட்டேன், எழுந்திருக்க முடியவில்லை. பையன்கள் இரண்டு பேர் கை கொடுத்துத் தூக்கினார்கள்.

வகுப்பறை · மதியம் 12.40

முன்தொடையா?

கொலுசுப்பட்டறை · மதியம் 12.41

முன்தொடைதான் மேடம்.

மலைப்பாதை · மதியம் 1.15

இந்த ஞாயிறும் வாருங்கள் தம்பி, நானும் வருகிறேன். வாழைப்பழத்தை மட்டும் சட்டைக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.