1988 எஃப்.ஏ. கிண்ண இறுதி: பியர்ட்ஸ்லியின் கோல் செல்லாமற்போனது நியாயமா?

உப்புவெளியான் (கேள்வி):
நேற்று மாலை ஏகாம்பரம் மைதானத்தில் பயிற்சி முடிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, இங்கிலாந்தின் 1987–88 எஃப்.ஏ. கிண்ண உதைபந்தாட்ட இறுதிப் போட்டியைப் பற்றிப் பேச்சு எழுந்தது. அந்தப் பருவகாலத்தில் 40 லீக் போட்டிகளில் இரண்டில் மட்டுமே தோற்றுச் சம்பியனான லிவர்பூலை, 1977இல்தான் லீக்கில் இடம்பெற்ற விம்பிள்டன் 1–0 என வென்றதை, எங்கள் பயிற்றுநர் ஐயா "மத்தியஸ்தர் கொடுத்த கிண்ணம்" என்கிறார். காணொளியைத் தேடிப் பார்த்தேன். விம்பிள்டனின் அன்டி தோர்ன் இடித்தும் விழாமல் முன்னேறிய லிவர்பூலின் பியர்ட்ஸ்லி, பந்தை விம்பிள்டன் கோல் காப்பாளர் பீசன்டுக்கு மேலாகத் தூக்கி வலைக்குள் போடுகிறார். ஆனால் விசில் அதற்கு முன்னரே ஊதப்பட்டுவிட்டதால் லிவர்பூலுக்குக் கிடைத்தது ஒரு ப்ரீ கிக் மட்டுமே. சற்று நேரத்தில், 37ஆவது நிமிடத்தில், விம்பிள்டனின் டெனிஸ் வைஸ் அடித்த ப்ரீ கிக்கை அதே அணியின் சன்செஸ் தலையால் முட்டிக் கோலாக்கினார். இடி வாங்கிய அணியே நட்டப்படுவது எந்த வகையில் நியாயம்?

பழைய விசில்:
தம்பி, விசில் அவசரப்பட்டது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆயினும் அக்கால விதியையும் கவனிக்க வேண்டும். இடி வாங்கிய அணிக்கு அனுகூலம் என்று கருதி ஆட்டத்தைத் தொடர விட்ட மத்தியஸ்தர், அந்த அனுகூலம் கைகூடாவிட்டால் திரும்பிவந்து ப்ரீ கிக் வழங்க அப்போது இயலாது. ஓரிரு விநாடி பொறுத்துப் பார்த்து ஊதலாம் என்பது 1990களில்தான் விதியில் சேர்ந்தது. ஆகவே மத்தியஸ்தர் பிரையன் ஹில் அன்று உடனே முடிவெடுக்க வேண்டியிருந்தது. நானும் ஒருமுறை, விலகல் முறைச் சுற்றுப்போட்டியொன்றில், இப்படித்தான் முந்தி ஊதிவிட்டேன். பந்தை வலைக்குள் அடித்த பையன் மூலைக்கொடி வரை ஓடிப் போய், அங்கே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான். ஆட்டம் முடிந்து கைகொடுக்கும்போதும் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கொட்டியாரக்குடா:
இரண்டாம் பாதியை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். விம்பிள்டனின் கிளைவ் குட்இயர் பந்தைத்தான் தட்டினார். அப்படியிருந்தும் லிவர்பூலுக்குத் தண்ட உதை (பெனால்டி) வழங்கப்பட்டது. மத்தியஸ்தர் விம்பிள்டனுக்குக் கிண்ணம் கொடுக்க நினைத்திருந்தால் அதை ஏன் வழங்குகிறார்? உதைக்க ஓடிவரும்போது லிவர்பூலின் ஜோன் ஓல்ட்ரிட்ஜ் ஒரு கணம் தயங்கிக் காப்பாளரின் அசைவைப் பார்ப்பார் என்பதை பீசன்ட் முன்கூட்டியே கவனித்து வைத்திருந்தார். அதனால் அசையாமல் நின்று, பின்னர் தமது இடப்புறமாகப் பாய்ந்து தட்டிவிட்டார். வெம்பிளியில் நடந்த எஃப்.ஏ. கிண்ண இறுதிப் போட்டிகளில் தடுக்கப்பட்ட முதல் தண்ட உதை அதுவே. இன்னொன்று: லிவர்பூலின் இடப்புற ஆட்டக்காரர் ஜோன் பார்ன்ஸை அடக்குவதற்காக, வழமையாக இடப்புறம் ஆடும் வைஸை வலப்புறத்துக்கு மாற்றியிருந்தார்கள். விம்பிள்டன் பயிற்றுநர் டொன் ஹோவின் யோசனை அது. பார்ன்ஸ் அன்று பெரிதாக எதுவும் செய்யவில்லை என்பதை உங்கள் பயிற்றுநருக்கும் காட்டுங்கள்.

உப்புவெளியான்:
இருவருக்கும் நன்றி. இன்று காணொளியை ஐயாவிடம் காட்டினேன். தண்ட உதை தவறாக வழங்கப்பட்டது என்பதை இரண்டாம் முறை பார்த்தபின் ஒப்புக்கொண்டார். பியர்ட்ஸ்லி விடயத்தில் மட்டும் சற்றும் இறங்கிவரவில்லை. ஆனால் பீசன்ட் பாய்ந்த இடத்தை மூன்று தடவை நிறுத்திப் பார்த்துவிட்டு, நாளை எங்கள் கோல் காப்பாளர்கள் இருவரும் அரை மணி நேரம் முன்னதாகவே வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.