பறக்கும் புலிகள் சுட்டது ஜீரோவையா?

கரிச்சான்:
நேற்று இங்கே வந்த நூல் அறிமுகத்தில் ஒரு வரி: "ஷெனால்ட்டின் பறக்கும் புலிகள் பர்மாவிலும் சீனாவிலும் 297 ஜீரோக்களை வீழ்த்தினார்கள்." பறக்கும் புலிகள் என்றால் இரண்டாம் உலகப் போரில் சீனாவுக்காகப் பறந்த அமெரிக்கத் தன்னார்வ விமானிகள், ஷெனால்ட் அவர்கள் தளபதி. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு ஜீரோகூடக் கிடையாது. ஜீரோ ஜப்பானியக் கடற்படையின் சண்டை விமானம். பர்மா வான்போரை நடத்தியது ஜப்பானியத் தரைப்படை. 1941 டிசம்பர் 25 அன்று ரங்கூன் மேல் குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாக வந்தவை தரைப்படையின் 77வது சென்டாயின் (வான் அணியின்) கி-27, 64வது சென்டாயின் கி-43 ஹயபூசா என்ற சண்டை விமானங்கள். 297 என்பதும் வானில் விழுந்த கணக்கு இல்லை. வானில் 229, மீதி தரையில் நின்றவை. அந்த 229-க்குள் குண்டுவீச்சு விமானங்களும் அடக்கம்.

புத்தகப்பித்தன்:
அந்த அறிமுகத்தை எழுதியவன் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். நேரில் பறந்து சுட்டவர்கள் தங்கள் நினைவுக் குறிப்புகளில் ஜீரோ என்றுதான் எழுதுகிறார்கள். எண்பது வருஷம் கழித்து நாற்காலியில் உட்கார்ந்து படிக்கிற உங்களுக்கு அவர்களைவிட நன்றாகத் தெரியுமா?

கரிச்சான்:
அவர்கள் பொய் சொன்னதாக நான் சொல்லவில்லை. தப்பாக அடையாளம் கண்டார்கள் என்கிறேன். ஹயபூசாவுக்கும் ஜீரோவுக்கும் இன்ஜின் ஒன்றே. நகாஜிமாவின் 14 சிலிண்டர் இன்ஜின், கடற்படைக்குச் சகாயே, தரைப்படைக்கு ஹா-25. அதே வட்ட மூக்கு, மடங்கும் சக்கரம், தாழ்ந்த இறக்கை. மேலிருந்து டோமஹாக்கில் (பறக்கும் புலிகளின் சண்டை விமானம்) பாய்ந்து வருகிறவனுக்குக் குறி பார்க்க இரண்டு மூன்று விநாடிதான் கிடைக்கும். ஆனால் ஹயபூசாவின் முதல் மாடலுக்கு விசிறியில் இரண்டே இதழ், ஜீரோவுக்கு மூன்று. ஹயபூசாவின் துப்பாக்கி இரண்டும் மூக்கில், இறக்கையில் ஒன்றும் இல்லை. ஜீரோவுக்கு இறக்கையில் இரண்டு 20 மி.மீ. பீரங்கி, ஒவ்வொன்றுக்கும் 60 குண்டு.

மதுரைக்காரன்:
சுத்துற விசிறில இதழ் எண்ணுறதா? யாருக்குங்க தெரியும்?

கரிச்சான்:
வானத்தில் தெரியாது. விழுந்து கிடக்கும் உடைசலில் தெரியும். அதைத்தான் சொல்ல வந்தேன். ஜீரோவின் உடைசல் எங்கே?

புத்தகப்பித்தன்:
இதோ இருக்கிறது. சீனாவில் பிடிபட்ட ஜீரோவைப் பழுதுபார்த்துப் பறக்க வைத்தது பறக்கும் புலிகளின் மெக்கானிக் கெர்ஹார்ட் நியூமன். ஜீரோவே இல்லை என்றால் அவர் எதைப் பழுதுபார்த்தார்?

கரிச்சான்:
அந்த விமானம் தெற்குச் சீனாவின் லெய்சோ தீபகற்பத்தில் இறங்கியது 1941 நவம்பரில். பறக்கும் புலிகளின் முதல் சண்டை டிசம்பர் 20, குன்மிங் பக்கம். அவர்கள் ஒரு குண்டும் சுடுவதற்கு முன்பே தரையிறங்கிய விமானத்தை அவர்கள் கணக்கில் எப்படி எழுதுவீர்கள்? தேதியைப் பாருங்கள் ஐயா. சீனாவில் இருந்த ஜீரோ பிரிவுகளைக் கடற்படை 1941 செப்டம்பரிலேயே பசிபிக் போருக்காகத் திரும்ப அழைத்துக்கொண்டது.

புத்தகப்பித்தன்:
சைகோன் பக்கம் கடற்படையின் 22வது வான் பிரிவோடு ஜீரோக்கள் இருந்தனவே? அதை ஏன் மறைக்கிறீர்கள்?

கரிச்சான்:
மறைக்கவில்லை. இருந்தன. மலாயாப் பக்கம் போயின, பிறகு டச்சுத் தீவுகளை (இன்றைய இந்தோனேசியா) நோக்கிப் போயின. ரங்கூனுக்கு வரவில்லை.

திருமலையான்:
ஜீரோவைப் பற்றித்தான் கதைக்கிறீங்கள் என்றால் இலங்கையை ஏன் ஒருத்தரும் தொடேல்லை? 1942 ஏப்ரல் 5 கொழும்பு, 9 திருகோணமலை. வந்தது ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களில் இருந்து எழும்பின அசல் ஜீரோக்கள். டோர்பிடோவோடு கொழும்புக்குப் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கடற்படையின் 788வது அணியின் 6 சுவார்ட்ஃபிஷ் விமானங்களும் விழுந்தன. ஜப்பானியர் கொழும்பில் இழந்தது 7 விமானம்தான், அதில் ஜீரோ ஒன்றே ஒன்று. பிரிட்டிஷ் அறிவிப்பு அதைப் போலப் பல மடங்கு. தமிழில் எழுதுகிற ஆக்களுக்குப் புலி படம் போட்ட அட்டைதான் கண்ணில் படுகுது. திருகோணமலையின் சீனன்குடா விமானத்தளத்தைப் பற்றி ஒரு பக்கமாவது எழுதினீங்களோ?

புத்தகப்பித்தன்:
இலங்கை பற்றித் தனியாக எழுதுங்கள். என் அறிமுகத்தில் ஏன் அதை நுழைக்கிறீர்கள்?

திருமலையான்:
நுழைக்கேல்லை. ஜீரோவை உண்மையில் எதிர்கொண்ட பிரிட்டிஷ் ஹரிக்கேன் விமானிகளை விட்டிட்டு, எதிர்கொள்ளாதவைக்குப் பட்டம் சூட்டுறீங்கள்.

கரிச்சான்:
திருமலையான் சொன்ன தேதி எனக்கே உதவுகிறது. ஏப்ரல் 8 அன்று சீன-பர்மா எல்லையில் லோய்விங்கில் பறக்கும் புலிகள் நடத்திய சண்டையையும் ஜீரோ சண்டை என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். அன்று நகுமோவின் ஜீரோக்கள் இலங்கைக் கடலில். லோய்விங் மேல் வந்தது மறுபடியும் 64வது சென்டாய், ஹயபூசா.

மதுரைக்காரன்:
ஜீரோவோ ஹயபூசாவோ, சுட்டது சுட்டதுதானே? டேனியல் ஃபோர்டுங்கற எழுத்தாளர் 1991-ல வந்த புத்தகத்துல ஜப்பான் ஆவணங்களைப் பார்த்து, பறக்கும் புலிகள் வீழ்த்தினது சுமார் 115-னு எழுதினாரு. பழைய விமானிகளே கொதிச்சுப்போனாங்க. அதைப் பேசுங்க.

புத்தகப்பித்தன்:
ஜப்பான் ஆவணங்களை மட்டும் எப்படி நம்புவது? தோற்றவன் இழப்பைக் குறைத்துத்தான் எழுதுவான்.

கரிச்சான்:
தங்கள் விமானிகள் சுட்டதாக எழுதியதில் ஜப்பானியரும் ஊதினார்கள், ஒப்புக்கொள்கிறேன். இழப்பு வேறு. இறந்த விமானியின் பெயர், நாள் எல்லாம் எழுத வேண்டும், வீட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். கூடுதல் கணக்கு வருகிற வழி தெரிந்ததுதான். ஒரே விமானத்தை மூன்று பேர் சுடுவார்கள், மூன்று பேரும் எழுதுவார்கள். கவிழ்ந்து கீழே பாய்ந்து தப்பியவனும் விழுந்ததாகவே கணக்கில் ஏறுவான். பர்மாக் கரையோர மர்தபான் வளைகுடாவில் விழுந்ததை யார் போய் எண்ணுவது? அதோடு வீழ்த்திய ஒரு விமானத்துக்கு 500 டாலர் பணம். பறக்கும் புலிகளில் ஒருவரான பாயிங்டன் தனக்கு அங்கே 6 என்றார். பறக்கும் புலிகளின் பணக்கணக்கு அவருக்குக் கொடுத்தது மூன்றரை. அதில் வானில் இரண்டே இரண்டு.

புத்தகப்பித்தன்:
செத்துப்போன வீரரைத் திருடன் என்கிறீர்கள். போன வருஷம் ஜப்பானிய ஜீரோ விமானி சபுரோ சகாய் 64 விமானம் வீழ்த்தினார் என்ற கணக்கிலும் இதையேதான் செய்தீர்கள். உங்களுக்கு வீரர்கள் என்றாலே ஆகாது.

கரிச்சான்:
திருடன் என்ற சொல் என் பதிவில் எங்கே? காட்டுங்கள். 64-க்கும் அன்று நீங்கள் பதில் சொல்லவில்லை. என் கேள்வி ஒன்றுதான். பர்மாவில் ஜீரோ பறந்த கடற்படைப் பிரிவு எது? எண்ணைச் சொல்லுங்கள்.

புத்தகப்பித்தன்:
அறிமுகத்தைத் திருத்தப் போவதில்லை. பறந்தவர்கள் ஜீரோ என்றார்கள், நானும் ஜீரோ என்பேன்.

திருமலையான்:
சீனன்குடா பற்றி இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லேல்லை.

கரிச்சான்:
பிரிவின் எண்?