பூக்காம்பைப் பாருங்க: பெங்களூரு ஏரிச்செடி அனுபவங்கள்

ஜக்கூர்வாசி:
ஜக்கூர் ஏரிக்கரையில் நம்மூர் அம்மா ஒருத்தர் மடி நிறையக் கீரை பறிச்சுட்டிருந்தாங்க. "பொன்னாங்கண்ணி தம்பி, மார்க்கெட்ல விக்கிற விலைக்கு இது சும்மா கிடக்கு!" எதிரெதிர் இலை, வெள்ளைப் பூ. சந்தேகமே வராதுதான். ஆனா அந்தப் பூதான் எனக்கு உறுத்திச்சு. பொன்னாங்கண்ணிப் பூவுக்குக் காம்பே இருக்காது, இலைக்கக்கத்தில் அப்படியே ஒட்டிக்கிட்டிருக்கும். இதில் விரற்கணு நீளத்துக்கு ஒரு காம்பு, அதன் நுனியில் உருண்டையாப் பூங்கொத்து. முத்தின தண்டு ஒண்ணை ஒடிச்சுக் காட்டினேன். உள்ளே வெறும் ஓட்டை. அந்தக் காற்று இருக்கிறதால்தான் கரையில் வேர்விட்டுத் தண்ணி மேலே மிதந்து படருது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த அலிகேட்டர் வீட் இது. ரெண்டும் ஆல்டர்னாந்திரா என்கிற ஒரே பேரினம், அதான் இந்த முகஜாடை.

அம்மா விடலை. "ஒரே சாதிதானே, ஆக்கித் தின்னா என்ன?"

நியாயமான கேள்வி. எனக்குச் செடியைவிடத் தண்ணிதான் கவலை. ஜக்கூருக்கு வர்றதில் பெரும்பங்கு சுத்திகரிச்ச கழிவுநீர். நீர்ச்செடிகள் கன உலோகத்தை உறிஞ்சி வெச்சுக்கும். அசல் பொன்னாங்கண்ணியே ஆனாலும் அங்கே நான் பறிக்கமாட்டேன். அதைச் சொன்னதும் மடியை அங்கேயே உதறப் போனாங்க. ஓடிப்போய்த் தடுத்தேன். கணு உள்ள ஒரு துண்டு விழுந்தாப் போதும், வேர் பிடிச்சிடும். நம்ம நாட்டில் இது விதையைவிட இப்படித்தான் பரவுது.

ஹெப்பாள் அக்கா:
எங்க லேஅவுட் குட்டையில் பச்சையா மூடிக்கிடக்கிறதை எல்லாரும் பாசின்னே சொல்றாங்க. ஒரு கை அள்ளிக் கவிழ்த்துப் பார்த்தேன், பாசியில்லை, மிதக்கிற குட்டிச் செடிகள். சின்னதுக்கெல்லாம் ஒத்தை வேர்: லெம்னா. கொஞ்சம் பெரிசில் அடிப்பக்கம் கருஞ்சிவப்பு, கொத்தா வேர்: ஸ்பைரோடெலா. நடுவில் ரவை மாதிரி பச்சைப் பொடி, வேரே காணோம். அது என்ன தம்பி?

ஜக்கூர்வாசி:
வுல்ஃபியாவா இருக்கும் அக்கா. பூக்கும் செடிகளில் உலகத்திலேயே சின்னது. பத்து மடங்கு லென்ஸ் வெச்சுப் பாருங்க.

ஆரைக்கீரையையும் புளியாரையையும் எப்படிப் பிரிச்சறியறதுன்னு கேட்டிருந்தவருக்கு: ஒரு காம்பில் நாலு இலைன்னா ஆரை, மூணுன்னா புளியாரை. மஞ்சள் பூ கண்டாலும் புளியாரைதான். ஆரை பெரணி இனம், பூக்கவே பூக்காது. காம்பின் அடியில் விரலால் தடவுங்க, கெட்டியான சின்ன வித்துக்கூடு (விதையில்லை, ஸ்போர் இருக்கிற கூடு) தட்டுப்படும். ஏரி வத்துற மாசங்களில் தேடினா சுலபமாக் கிடைக்கும்.