மறு: ‘பிளெய்ன் லேங்குவேஜ்’ தமிழில் எப்படி? – ‘விளங்குமொழி’ என்று ஒரு முன்மொழிவு

வணக்கம் குழுவினரே,

சட்டம் போன்றவற்றைச் சாதாரண வாசகருக்கும் விளங்கும்படி எழுதும் ‘பிளெய்ன் லேங்குவேஜ்’ முறைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற கேள்விக்கு, பினாங்கு ஐயா சொன்ன ‘எளிய மொழி’, ஜொகூர் நண்பர் சொன்ன ‘தெளிமொழி’ இரண்டையும் மூன்று நாளாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். ஐயா கேட்டது இது:

> சட்டத்தை எளிமையாக எழுத வேண்டும் என்பதுதானே நோக்கம்? ‘எளிய மொழி’ எல்லோருக்கும் தெரிந்த சொல். புதுச்சொல் எதற்கு?

ஐயா, போன மாதம் வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடியறையில், ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளர்களுக்குச் சட்டம் விளக்கும் இடத்தில் நான் தன்னார்வலராக உட்காருவதுண்டு. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தைப் பற்றி ஒரு துண்டறிக்கையும் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தேன். அதில் ஒரு வரி: “5 ஆண்டு வேலை செய்தவரை நிறுத்த 8 வார நோட்டீஸ் தர வேண்டும்.” அலுவலகக் கட்டடம் ஒன்றில் 7 ஆண்டாகத் துப்புரவு வேலை பார்க்கும் ஓர் அக்கா அதைப் படித்துவிட்டு வந்தார். பிளாஸ்டிக் உறையிலிருந்து நான்காக மடித்த காண்ட்ராக்ட்டை எடுத்து மேசையில் விரித்து, ஒரு வரியில் விரலை வைத்தார்.

“தங்கச்சி, இதுல ஒரு மாசம்னு போட்டிருக்கு. உங்க பேப்பர்ல எட்டு வாரம்னு இருக்கு. எனக்கு எதும்மா?”

அவருக்கு ஒரு மாதம்தான். சட்டத்தின் 12ஆம் பிரிவில், காண்ட்ராக்ட்டில் நோட்டீஸ் காலம் எழுதியிருந்தால் பொதுவாக அதுவே செல்லும். எழுதாமல் விட்டிருந்தாலோ, ஆட்குறைப்பு, நிறுவனம் மூடல் போன்ற காரணத்தால் நிறுத்தினாலோதான், வேலை செய்த ஆண்டுகளைப் பொறுத்து 4, 6, 8 வாரக் கணக்கு வரும். அந்த நிபந்தனை வாக்கியத்தை நீளமாக்குகிறது என்று நான்தான் வெட்டினேன். என் வரி எளிமையாகத்தான் இருந்தது, பள்ளிப் பிள்ளைகூடப் படித்துவிடும். ஆனால் அதை நம்பி இரண்டு மாதச் செலவைக் கணக்குப் போட்டு வைத்திருந்தவருக்கு அது தவறான தகவல். அவர் காண்ட்ராக்ட்டை மறுபடி மடித்து உறைக்குள் வைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதனால்தான் ‘எளிய’ என்ற சொல்லை இந்தக் கருத்தின் தலையில் வைக்கத் தயங்குகிறேன். அந்தச் சொல் எழுதுகிறவர் கையில் கத்தரிக்கோலைக் கொடுக்கிறது.

அனைத்துலகத் தரநிலை என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஐஎஸ்ஓ (அனைத்துலகத் தரநிலை அமைப்பு) வெளியிட்ட ‘பிளெய்ன் லேங்குவேஜ்’ தரநிலையான 24495இன் முதல் பகுதி 2023 ஜூனில் வெளிவந்தது. சட்டத் தகவல்தொடர்புக்கான இரண்டாம் பகுதி 2025இல் வந்தது. முதல் பகுதியின் வரையறையை என் தமிழில் சொன்னால்: சொல், கட்டமைப்பு, வடிவமைப்பு மூன்றும் தெளிவாக அமைந்து, வாசகர் தமக்கு வேண்டியதைத் தேடினால் கிடைப்பது, கிடைத்தது விளங்குவது, விளங்கியது பயன்படுவது. ‘எளிமை’ இதில் எங்கும் அளவுகோலாக இல்லை. வாசகருக்கு என்ன நடக்கிறது என்பதே அளவுகோல். இத்தரநிலை ஏறக்குறைய எல்லா எழுத்து மொழிகளுக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட்டு, எடுத்துக்காட்டுகளை ஆங்கிலத்தில் மட்டும் தருகிறது. தமிழ் எடுத்துக்காட்டுகளை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வாசிப்புச் சிரமம் உள்ளவர்களுக்காக எழுதும் முறைக்கு ஐஎஸ்ஓ/ஐஇசி 23859 என்ற தனித் தரநிலை இருக்கிறது. அதுவும் 2023தான். அதற்கு ‘எளிமொழி’ அளவெடுத்துத் தைத்த சொல். இப்போதே அதை இங்கே செலவழித்துவிட்டால், நாளை அதற்கு என்ன செய்வோம்? இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் சட்டம் எழுதுகிறவர்கள், “இது குழந்தைத்தனமான நடை, எங்களுக்கு ஒத்துவராது” என்று தள்ளிவிடுவார்கள். 

சரி, என் முன்மொழிவு: விளங்குமொழி.

நம் ஊரில் ‘புரியலை’ என்பதைவிட ‘விளங்கலை’ என்பதுதான் அதிகம். வாத்தியார் “விளங்குச்சா?” என்று கேட்டுத்தான் நாமெல்லாம் கணக்குப் படித்தோம். ‘தெளிவு’ பனுவலின் (எழுதப்பட்ட உரையின்) குணம். ‘விளங்குதல்’ பனுவலுக்கும் வாசகருக்கும் இடையில் நடப்பது. ‘எனக்கு விளங்கியது’ என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். தரநிலை கேட்பதும் அந்த ஆளைத்தான்.

பழைய ஆதாரமும் இருக்கிறது. பவணந்தி முனிவரின் இலக்கண நூலான நன்னூல் சொல்லும் பத்து அழகில் ‘சுருங்கச் சொல்லல்’ ஒன்று, ‘விளங்க வைத்தல்’ இன்னொன்று. இரண்டையும் அவர் தனித்தனியாக எண்ணியிருக்கிறார். பத்துக் குற்றத்தில் முதலாவது ‘குன்றக் கூறல்’, அதாவது சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வது. என் துண்டறிக்கை செய்த குற்றம் அதுவேதான்.

இந்தச் சொல்லை முன்பு சிலரிடம் சொன்னபோது வந்த மறுப்புகளுக்கு வருகிறேன். தமிழ்நாட்டு நண்பர், “எங்கள் பக்கம் ‘விளங்கிடும்’ என்றால் வசை” என்றார். உண்மைதான், ஆனால் அந்தத் தொனி எல்லா வடிவத்துக்கும் வருவதில்லை. ‘விளக்கம்’, ‘விளக்கவுரை’ என்பவற்றை யாரும் வசையாகக் கேட்பதில்லை. ‘விலங்குமொழி’ என்று காதில் விழுமே என்பது இதைவிடக் கனமான மறுப்பு. ளகரத்தை லகரமாகச் சொல்கிற வழக்கம் நம்மிடையே பரவலாக இருப்பதால் இதை லேசாக ஒதுக்க மாட்டேன். ஆனால் பள்ளியும் பல்லியும் தமிழில் பக்கம்பக்கமாகத்தான் வாழ்கின்றன. ‘விளங்குமொழி வரைவு’, ‘விளங்குமொழித் தரநிலை’ என்று அடுத்த சொல் சேர்ந்ததும் ஐயம் போய்விடும் என்று நம்புகிறேன். ‘தெளிமொழி’க்கு இந்தச் சிக்கல் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். குழு அதைத் தேர்ந்தால் வருத்தப்பட மாட்டேன். ‘எளிய மொழி’க்கு மட்டும் என்னால் கை தூக்க முடியாது.

ஒன்றை மறக்கக்கூடாது. 1963/67 தேசிய மொழிச் சட்டப்படி இங்கே சட்டங்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் வருகின்றன. மாமன்னர் வேறுவிதமாக நிர்ணயித்தால் ஒழிய, மலாய்ப் பனுவலே அதிகாரபூர்வமானது. நம் தமிழ்ப் பனுவலுக்குச் சட்ட வலு கிடையாது. அதனாலேயே அது இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நோட்டீஸ் கையில் வாங்கியவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கப் போவதில்லை, நம் தாளைத்தான் நம்புவார்.

ஆங்கிலச் சட்டங்களில் கட்டாயத்தைக் குறிக்கும் ‘ஷல்’ (shall) என்ற சொல் பற்றிய கேள்வியைத் தனி இழைக்குக் கொண்டுபோகலாமா? சிங்கப்பூர் 2021 டிசம்பர் 31 அன்று நடப்புக்குக் கொண்டுவந்த திருத்தப் பதிப்பில் பல இடங்களில் ‘ஷல்’லை எடுத்துவிட்டு ‘மஸ்ட்’ போட்டார்கள். மலாய்ச் சட்டங்களில் ‘ஹெண்டக்லா’ அந்த வேலையைச் செய்கிறது. தமிழில் ‘வேண்டும்’ கட்டாயத்துக்கும் வரும், விருப்பத்துக்கும் வரும். அதைப் பற்றி நிறையப் பேச இருக்கிறது.

இப்போதைக்குச் சொற்பட்டியலுக்கான பதிவு:

விளங்குமொழி (பெயர்ச்சொல்): உரிய வாசகர் தமக்கு வேண்டியதைக் கண்டு, விளங்கிக்கொண்டு, பயன்படுத்தும்படி, சொற்களும் கட்டமைப்பும் வடிவமைப்பும் தெளிவாக அமைந்த மொழி. வழிச்சொற்கள்: விளங்குமொழி வரைவு, விளங்குமொழி வரைவாளர். ‘எளிமொழி’யோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அப்புறம், துண்டறிக்கையின் அந்த வரியைத் திருத்தியிருக்கிறேன்:

“முதலில் உங்கள் காண்ட்ராக்ட்டைப் பாருங்கள். நோட்டீஸ் எத்தனை நாள் என்று அதில் எழுதியிருந்தால், பொதுவாக அதுதான் செல்லும். எழுதியிராவிட்டாலும், ஆட்குறைப்பு, நிறுவனம் மூடல் போன்ற காரணத்தால் முதலாளி நிறுத்தினாலும், சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் காலம்: வேலை செய்தது 2 ஆண்டுக்குக் குறைவு என்றால் 4 வாரம், 2 ஆண்டு முதல் 5 ஆண்டுக்குள் என்றால் 6 வாரம், 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 8 வாரம். முதலாளிக்கும் உங்களுக்கும் ஒரே காலம்தான்.”

முன்பிருந்ததைவிடப் பல மடங்கு நீளம். வரும் ஞாயிறு அந்த அக்கா வருகிறார். அவரிடம் கொடுத்து, என்ன விளங்கியது என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லப் போகிறேன். அதற்குள் இதில் ஓட்டை தெரிந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

அன்புடன்,
கோலாலம்பூரிலிருந்து